46 வயதில் வாலிபால் தேவையா?

கேள்வி: ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சாமைக் கொல்லையும் நாலு புளியமரமும்தான் வாழ்வாதாரம். என் கணவருக்கு 46 வயது. சாயங்காலமானால் ஊர்ப் பையன்களோடு வாலிபால் ஆடப் போய்விடுகிறார். இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். "பேரன் எடுக்கிற வயசுல பந்து எதுக்கு?" என்று மாமியார் திட்டுகிறார். ஆடிவிட்டு வரும்போது அவர் முகம் தெளிவாக இருப்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. பெரியவர்களுக்கு விளையாட்டு அவசியமா?
— ஒரு வாசகி, ஜவ்வாது மலை

பதில்: அவசியம்தான் சகோதரி. அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். அவர் பந்தாடும் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு அடுப்படியில் போகிறதே, எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அவர் பக்கம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாகவாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கொல்லையில் பாடுபடுகிறவருக்கு அந்தக் கணக்கு வேலையிலேயே நேராகிவிடும். மனசுக்கு அது போதாது. மழை பொய்த்தாலும் புளி விலை இறங்கினாலும் வீட்டுக்கு நஷ்டம். ஆட்டத்தில் தோற்றால் யாருக்கும் கடன் ஏறாது, நாளைக்கு மறுபடி ஆடலாம். தோற்றாலும் பாதகமில்லை என்ற நிலை பெரியவர்களுக்கு வேறு எங்கும் கிடைப்பதில்லை. அவர் முகத் தெளிவுக்கு அதுவும் ஒரு காரணம். செல்போனில் ரீல்ஸ் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அதில் ஆடுவது வேறு யாரோ.

ஒரே ஒரு எச்சரிக்கை. 30 முதல் 50 வயது ஆண்களுக்குத் திடீரென்று எம்பிக் குதிக்கும்போது குதிகால் தசைநார் அறுந்துபோவது உண்டு. பத்து நிமிடம் மெதுவாக ஓடி, கால்களை நீட்டி மடக்கிய பிறகு களத்தில் இறங்கச் சொல்லுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரை ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி உங்கள் பக்கம். 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் போனது தெரிந்தது. அதே வேலையில் கைகொடுக்கும் ஆண்களுக்கு 97 நிமிடம். மூன்று மணி நேரத்துக்கும் மேலான இந்த வித்தியாசத்தில்தான் உங்கள் விளையாட்டு காணாமல் போயிருக்கிறது. பொங்கலுக்கு ஊர் விளையாட்டுப் போட்டி நடத்தும்போதுகூட ஆண்களுக்கு உறியடி, பெண்களுக்குக் கோலப்போட்டி. தினமும் வாசலில் செய்கிற வேலைக்கே அன்று ஒரு பரிசு, அவ்வளவுதான்.

ஆகவே அவரை நிறுத்தச் சொல்லாதீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் அடுப்பும் பாத்திரமும் அவர் பொறுப்பு. அந்த நேரத்தில் நீங்கள் துணி மடிக்கவோ சாமை புடைக்கவோ உட்கார்ந்துவிடக் கூடாது. என்ன ஆடுவது என்று தெரியாவிட்டால், சின்ன வயதில் அம்மா கூப்பிடக் கூப்பிட வீட்டுக்கு வராமல் எதை ஆடினீர்களோ, அதையே எடுங்கள். பல்லாங்குழியோ தாயமோ ஆடக் காசு செலவில்லை. புளி உடைக்கிற வீட்டில் கொட்டைக்கா பஞ்சம்? நாலு கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை கல்லில் உரசினால் தாயத்துக்கு ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள்.

மாமியாரையும் விட்டுவிடாதீர்கள். 75 வயதைத் தாண்டிய 469 பேரை அமெரிக்காவில் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பலகை ஆட்டம், வாசிப்பு, இசைக்கருவி, நடனம் என்று ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. விளையாட்டுதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. மூளை நன்றாக இருந்ததால் ஆடியிருக்கவும் கூடும். ஆனால் ஆடிப் பார்ப்பதில் நஷ்டம் ஏதுமில்லை. அவர் காலத்துத் தாயம் உங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

எந்த இரண்டு நாள் என்பதை இன்று ராத்திரியே மூவரும் பேசி முடித்துவிடுங்கள். "வேலையெல்லாம் முடிஞ்சதும் பார்க்கலாம்" என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?