குதிகால் முள்ளும் குணப்படுத்தும் நெறியும்

முன்னுரை

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது முதுமொழி. ஆயினும் அச்சிரசைச் சுமந்து நிற்பது கால். அச்சுமையை நிலத்தில் இறக்கி வைப்பது குதிகால். நாற்பது அகவையைக் கடந்தோர் பலர், குறிப்பாக நாள்தோறும் நின்றே பணியாற்றும் ஆசிரியர், நடத்துநர், காவலர், கடைப் பணியாளர் ஆகியோர், காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதலடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அறைந்தாற்போன்ற வலியை உணர்கின்றனர். சிறிது நடந்தபின் வலி தணிகிறது; நெடுநேரம் அமர்ந்து எழுந்தால் மீண்டும் தோன்றுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பலருக்குக் குதிகால் எலும்பின் அடியில் சிறு கூர்முனை தெரிகிறது. "எலும்பு வளர்ந்துவிட்டது" என்ற சொல்லைக் கேட்டவுடன் உள்ளம் கலங்குகிறது. அக்கலக்கம் தேவையற்றது என்பதையும், நலம் பெறும் நெறி எது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொருளும்

தமிழ் பயிலும் நாம் முதலில் பெயரை ஆராய்வோம். சித்த மருத்துவ வழக்கில் இந்நோய் 'குதிகால் வாதம்' எனப்படும். மக்கள் வழக்கில் 'குதிகால் முள்' என்பர். முள் என்றதும், தைத்த முள்ளைப் பிடுங்குவதுபோல் இதனையும் அகற்றினாலன்றி வலி தீராது என மனம் முடிவு செய்துவிடுகிறது. பெயர் வழிகாட்டவும் செய்யும், வழி மாற்றவும் செய்யும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1895-ஆம் ஆண்டு ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1900-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் பிளெட்னர் இக்கூர்முனையைப் பற்றி எழுதினார். படத்தில் தெரிந்தமையால் அதுவே வலிக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் முள் இருந்தும் வலியே இல்லாதவர் பலர். முள் இல்லாமலே வலியால் வருந்துவோரும் பலர். வலி நீங்கிய பின்னும் முள் இருந்த இடத்திலேயே இருக்கக் காண்கிறோம். மேலும் அம்முள் நிலத்தை நோக்கிக் குத்தி நிற்பதன்று. விரல்களை நோக்கிக் கிடைமட்டமாக நீள்வது.

வலியின் உறைவிடம்

அவ்வாறாயின் வலி எங்கிருந்து எழுகிறது? குதிகால் எலும்பின் அடிப்பகுதியில் தொடங்கி விரல்களின் அடிவரை ஓடும் உறுதியான நார்ப்பட்டை ஒன்று நம் உள்ளங்காலில் உண்டு. பிளாண்டார் ஃபேசியா என்று மருத்துவர் இதனைக் குறிப்பர். வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு இப்பட்டை அப்படி. நெடுநேரம் நிற்றல், மிகுந்த உடல் எடை, கடினத் தரையில் வெறுங்காலுடன் நடத்தல், கெண்டைக்கால் தசை இறுகியிருத்தல், திடீரென நடையை மிகுதியாக்குதல் ஆகியவற்றால் அப்பட்டை எலும்போடு சேரும் இடம் நைந்து போகிறது. பெரும்பாலோர்க்கு வலியின் உறைவிடம் இதுவே. எனவே மருத்துவம் முள்ளுக்கு அன்று, நாணுக்கே வேண்டும்.

நலம் தரும் பயிற்சிகள்

முதலாவது, முதலடிக்கு முன் செய்யும் பயிற்சி. படுக்கையில் அமர்ந்தவாறே வலியுள்ள காலை மற்றொரு காலின் மீது குறுக்காக வைத்து, விரல்களைக் கையால் பற்றிக் கணைக்காலை நோக்கி மெல்ல வளைக்க வேண்டும். உள்ளங்காலின் பட்டை விறைப்பதை மற்றொரு கையால் தொட்டு உணரலாம். பத்து எண்ணும்வரை நிறுத்தி விடுவிக்க வேண்டும். இவ்வாறு பத்து முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை செய்தல் வேண்டும். இப்பயிற்சியின் பயனை 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு எடுத்துக்காட்டியது.

இரண்டாவது, சுவரில் கைகளை ஊன்றி, வலியுள்ள காலைப் பின்வைத்து, குதிகால் தரையை விட்டு எழாதவாறு முன்சாய்தல். இதனால் கெண்டைக்கால் தசை தளரும்.

மூன்றாவது, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, சுருட்டிய துண்டை விரல்களின் அடியில் வைத்து, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குதல். வலி சற்றுத் தணிந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் இதனைச் செய்யலாம்.

பிற துணைகள்

வீட்டினுள்ளும் மென்மையான செருப்பணிதல் நன்று. உணர்விழந்த பாதங்களைக் காக்கப் பயன்படும் எம்.சி.ஆர். செருப்பு இவ்வலிக்கும் இதம் தரும். மாலையில் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றலாம். வலி மாத்திரையை மருத்துவர் சொற்படி சில நாள் மட்டுமே கொள்ளல் தகும். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது தாக்கக்கூடும். ஸ்டீராய்டு ஊசி விரைவில் வலியைத் தணிப்பினும் அப்பயன் நிலைப்பதில்லை. அடிக்கடி போட்டால் பட்டை அறுபடவும் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் இடமுண்டு. அறுவை மருத்துவம் இறுதிப் புகலிடம் மட்டுமே.

ஓர் எச்சரிக்கை

செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை ஊன்றி ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் கைம்முறை. இதமான சூடு சிலர்க்கு ஆறுதல் அளிக்கலாம். ஆனால் நீரிழிவால் பாதத்தின் உணர்வு குன்றியோர்க்கு இது பெருந்தீங்காகும். நாம் அறிந்த மூத்த ஆசிரியர் ஒருவர் இவ்வாறு ஒத்தடமிட்டு, தோல் வெந்து கொப்புளித்ததை அறியாமலே வகுப்பிற்கு வந்தார். காலுறை நனைந்திருக்கக் கண்ட பின்னரே புண்ணை உணர்ந்தார். குதிகால் வலிக்குச் செய்த மருத்துவம் காலையே இழக்கும் அச்சத்தில் அவரை நிறுத்தியது. அத்தகையோர் பனிக்கட்டியையும் மருத்துவரைக் கேளாது பயன்படுத்தலாகாது.

இரவில் ஓய்விலும் நீங்காத வலி, காய்ச்சல், வீக்கம், மரத்துப்போதல், விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவை இருப்பின் உடனே மருத்துவரை அணுக வேண்டும். இளைஞர்க்கு இரு குதிகாலிலும் வலியும், காலையில் முதுகு விறைப்பும் சேர்ந்து வரின் அது வேறு நோயின் அறிகுறியாகலாம்.

முடிவுரை

இந்நோய்க்கு ஒரே நாளில் தீர்வில்லை. தீராத நோயும் இஃதன்று. பெரும்பாலோர் ஓராண்டிற்குள் அறுவையின்றியே நலம் பெறுகின்றனர். வேண்டுவது பொறுமையும், நாள் தவறாத பயிற்சியுமே. மாணவர்களே, உங்கள் இல்லத்தில் காலையில் முதலடி வைக்கச் சுவரைப் பற்றும் தாயோ தந்தையோ இருப்பின், இன்று மாலையே அவர்தம் அருகமர்ந்து முதற்பயிற்சியைக் கற்றுக் கொடுங்கள். நம்மைத் தாங்கிய கால்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாக அது அமையும்.