சொதி காத்திருக்கும்

அன்புள்ள மருமகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு நீ போன் பண்ணினாய். குரலில் அவ்வளவு அசதி. "எட்டுப் பேர் வந்தாங்க அத்தை, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்க. நான்தான் யார்கிட்டயும் ரெண்டு வார்த்தை பேசல" என்றாய். என்ன சமைத்தாய் என்று கேட்டேன். தோசை, மூன்று சட்னி என்றாய். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தோசைக்கு இரண்டு நிமிடம், ஆளுக்கு நாலு என்றால் 32 தோசை. கல் சூடாவது, எண்ணெய் தடவுவது எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்கும். எதற்குச் சிரித்தார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது.

உனக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கே தெரிய எழுதுகிறேன் என்று கோபப்படாதே. வேலைக்காக ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் இரண்டு பர்னர் அடுப்பும் ஒரு குக்கரும் மிக்ஸியும் வைத்துக்கொண்டு, நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் உன்னைப்போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது படட்டும்.

சுலபமான சமையல் எது என்று கேட்டிருந்தாய். சாமான் குறைவாக இருந்தால் சுலபம் என்று நினைக்கிறாய். தோசைக்கு மாவும் எண்ணெயும் போதும், ஆனால் எட்டுப் பேருக்கு அதைப்போலக் கஷ்டமான பலகாரம் கிடையாது. என் கணக்கு வேறு. நாம் அடுப்படியில் நிற்க, நமக்காக மற்றவர்கள் தட்டோடு காத்திருக்கும் சமையல் ஒன்று. செய்து மூடி வைத்துவிட்டால் அதுவே ஆட்களுக்காகக் காத்திருக்கும் சமையல் இன்னொன்று. தோசை, பூரி, பஜ்ஜி எல்லாம் முதல் வகை. வீட்டில் மூன்று பேர் இருக்கும்போது செய்ய வேண்டியவை. விருந்தாளி வரும் நாளில் இரண்டாவது வகையைத்தான் எடுக்க வேண்டும். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் அதற்குச் சொதியை மிஞ்சி ஒன்றும் இல்லை.

நீ சின்ன வயதில் எத்தனையோ கல்யாணத்தில் சொதி சாப்பிட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் அதைப் போடுவார்கள், மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர் உண்டு. கல்யாண வீட்டுச் சாப்பாடு என்பதால் பெரிய வித்தை என்று பயந்துவிடாதே. வறுத்து அரைக்கும் மசாலா கிடையாது, புளி கரைக்க வேண்டாம், வதக்கி வதக்கிச் சுண்ட வைக்க வேண்டாம். தேங்காய்ப்பால் எடுக்கப் பொறுமை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எட்டுப் பேருக்குப் பெரிய தேங்காய் இரண்டு. முற்றின காயாகப் பார்த்து வாங்கு. காதருகே வைத்துக் குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்தால் முதல் பால் இரண்டு டம்ளர் கெட்டியாக வரும். அதை எடுத்துத் தனியாக ஃபிரிட்ஜில் வைத்துவிடு, கடைசி வரை தொடாதே. அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பால், அப்புறம் மூன்றாம் பால், ஒவ்வொன்றும் மூன்று டம்ளர். காய்கள் வேகப்போவது இந்த மெல்லிய பாலில்தான்.

பாசிப்பருப்பு 100 கிராம். வெறும் வாணலியில் வாசனை வரும் வரை வறுத்து, குழைய வேகவைத்து மசித்துக்கொள். உருளைக்கிழங்கு மூன்று, கேரட் மூன்று, முருங்கைக்காய் மூன்று, பீன்ஸ் பதினைந்து, ஒரு கை பச்சைப்பட்டாணி. சின்ன வெங்காயம் இருபத்தைந்தும் பூண்டு இருபது பல்லும் முழுசாகவே போட வேண்டும். உரிக்கத்தான் நேரம் ஆகும். வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தோல் தானே கழன்று வரும், அதை முதல் நாள் ராத்திரியே முடித்துவிடு. பச்சை மிளகாய் பத்து, கட்டை விரல் அளவு இஞ்சி, இரண்டையும் அரைத்துச் சாறு பிழிந்து வைத்துக்கொள். எங்கள் வீட்டில் மஞ்சள் தூள் போடுவதில்லை, பால் நிறம் கெட்டுவிடும்.

வெங்காயம், பூண்டு, காய் எல்லாம் மூன்றாம் பாலில் வேகட்டும். முக்கால் வேக்காட்டில் உப்பும் இஞ்சி மிளகாய்ச் சாறும் இரண்டாம் பாலும் விடு. காய் வெந்ததும் பருப்பைச் சேர்த்து ஒரு கொதி. இப்போது தீயை நன்றாகக் குறைத்துவிட்டு, முதல் பாலை விட்டுக் கிளறி, ஓரத்தில் ஆவி தெரிந்து சின்னதாக நுரை கூடும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடு. கொதிக்க விடக்கூடாது. தேங்காய்ப்பாலில் எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாக நிற்பதற்கு அதிலுள்ள புரதம்தான் காரணம். கொதித்தால் அது கெட்டியாகித் திரிந்துபோகும், எண்ணெய் தனியே மிதக்கும். எலுமிச்சம்பழம் பிழிவது அதற்கும் அப்புறம். இறக்கி வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். கல்யாணமாகி மூன்றாம் மாதம். வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு, சொதி வைக்கும் பொறுப்பு எனக்கு. அவசரத்தில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை பிழிந்துவிட்டேன். கண் முன்னால் பால் திப்பி திப்பியாகப் பிரிந்தது. எனக்குக் கைகால் ஆடவில்லை. என் மாமியார் வந்து பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி மாவு ஒரு கரண்டியைக் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றி, மெதுவாகக் கிளறிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பழையபடி ஆகவில்லை, ஆனால் இலையில் விடும்படி கூடி வந்தது. எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது, "எலுமிச்சம்பழத்துக்கு அவசரம் ஆகாது தாயி" என்றார்கள். அவ்வளவுதான். உன் வீட்டில் யாராவது கூடமாட வேலை செய்ய வந்து எதையாவது தவற விட்டால் நீயும் அப்படித்தான் இருக்க வேண்டும். முதலில் அரிசி மாவைத் தேடு, மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் நெய்யில் தாளித்துக் கொட்டினால் சொதி முடிந்தது. முந்திரிப்பருப்பு வறுத்துப் போடுவதும் உண்டு. ஆனால் வருகிறவர்களில் யாருக்காவது முந்திரி, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று முன்னாடியே கேட்டுவிடு. சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டால் அந்தப் பிள்ளை பட்டினியாக எழுந்திருக்க வேண்டி வரும், கேட்காமலே போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வயதுப் பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு இதையெல்லாம் தாமாகச் சொல்வதில்லை. சமைக்கிறவன்தான் கேட்க வேண்டும்.

சொதிக்குத் துணை இஞ்சித் துவையல். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக நிற்கும், இஞ்சி அதைச் செரிக்க வைக்கும் என்பது பெரியவர்கள் கணக்கு. இஞ்சியைத் தோல் சீவி நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்து, வற்றல் மிளகாய் வறுத்து, புளியும் வெல்லமும் உப்பும் வைத்துக் கரகரப்பாக அரைத்துவிடு. காலையில் அரைத்தது ராத்திரி வரை கெடாது. உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடையில் வாங்கு. அதைச் செய்ய உட்கார்ந்தால் மறுபடி அடுப்படியில் நிற்கப் போகிறாய். சோற்றுக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, எட்டுப் பேருக்கு ஒரு கிலோ. மற்ற குழம்புக்கு இது அதிகம், சொதிக்குச் சரியாக இருக்கும்.

இனிப்புக்கு வருவோம். அல்வா கிண்டிப் பார்க்கவா என்று கேட்டாய். வேண்டாம் ஐயா. கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டிப் பாலெடுத்து, தெளிய வைத்து, மணிக்கணக்காகக் கைவிடாமல் கிண்ட வேண்டிய பண்டம் அது. அதற்கென்றே ஆயுளைக் கொடுத்தவர்கள் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி இருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி அரைக்கிலோ வாங்கி வரச் சொல். வாங்கி வைத்ததில் ஒரு குறைச்சலும் இல்லை.

நீ உன் கையால் செய்ய ஆசைப்பட்டால் குக்கர் பால்பாயசம் செய். ஐந்து லிட்டர் குக்கரைத் தண்ணீரில் அலசிவிட்டு ஒரு கரண்டி நெய், ஒன்றரை லிட்டர் கொழுப்பெடுக்காத பால். பால் பொங்கி வந்ததும் கழுவிய பச்சரிசி 75 கிராம் போட்டு, மூடி, வெயிட் போட்டு, தீயை இருக்கிறதிலேயே குறைவாக வைத்து 40 நிமிடம் விட்டுவிடு. பால் நுரைத்து மேலே ஏறும் பொருள், அதனால் குக்கரில் பாதிக்கு மேல் என்றைக்கும் நிரப்பாதே. ஆவி தானாக அடங்கின பிறகு திற. பால் சுண்டி இளஞ்சிவப்பு ஏறியிருக்கும். சர்க்கரை 200 கிராம் போட்டு, திறந்தபடியே பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஏலக்காய் தட்டிப் போடு. சர்க்கரை கடைசியில்தான். முதலிலேயே போட்டால் அரிசி குழைய மறுக்கும். கேசரியிலும் அப்படித்தான், ரவை வெந்து மலர்ந்த பிறகு சர்க்கரை. வெல்லம் போட்டுப் பருப்புப் பாயசம் செய்யும் நாளில், வெல்லம் கரைந்து சூடு தணிந்த பிறகு பாலை விடு. கொதிக்கும் வெல்லத்தில் பால் திரிந்துபோகும்.

பால்பாயசம் ஆற ஆற ருசி கூடும். ஆகவே காலையில் முதலில் அதை அடுப்பில் ஏற்று. அது தன்பாட்டில் வேகும்போது பக்கத்து அடுப்பில் துவையலுக்கு வறுத்துக்கொள்ளலாம். அப்புறம் சொதி. சோறு கடைசியில். ஒரு மணிக்கு விருந்து என்றால் பன்னிரண்டரைக்கு உன் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். நீ குளித்து, வேறு சட்டை மாற்றி, கதவைத் திறக்க வேண்டும்.

வேலை நாளில், இரண்டு மூன்று பேர் திடீரென்று வந்து நின்றால் கூட்டாஞ்சோறு. அரிசி, துவரம்பருப்பு, கத்திரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், கையில் கிடைத்தால் ஒரு பிடி முருங்கைக்கீரை, தேங்காயும் சீரகமும் வற்றல் மிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்த அரைப்பு, எல்லாம் ஒரே பாத்திரத்தில். ஒன்றே ஒன்றைக் கவனி: பருப்பு மலர்ந்த பிறகு புளி ஊற்று. புளிப்புப் பட்டால் பருப்பு அதற்கு மேல் வேகாமல் கல்லாக நிற்கும். "எவ்வளவு நேரம் வெச்சாலும் பருப்பு வேகல" என்று முன்பு சொன்னாயே, அதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நோட்டு வாங்கிக்கொள். எஸ். மீனாட்சி அம்மாள் "சமைத்துப் பார்" என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டது 1951இல். அவருக்கு உறவில் பெரியவரான கே. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், கேட்கிறவர்களுக்கெல்லாம் சமையல் குறிப்பைக் கடிதத்தில் எழுதி அனுப்புவதைப் புத்தகமாகவே போடு என்று தூண்டினார். பக்கத்தில் கேட்க ஆளில்லாத பெண்களுக்கு அந்த அளவுகள்தான் தாயாக இருந்தன. என் கல்யாணச் சீரிலும் ஒரு பிரதி வந்தது, அட்டை போன பிறகும் வைத்திருக்கிறேன். நீயும் உன் டம்ளரில், உன் குக்கரில், உன் ஊர்த் தண்ணீரில் எவ்வளவு பிடித்தது என்று எழுதி வை. நான் சொன்ன பத்து மிளகாய் உன் கூட்டாளிகளுக்கு அதிகமாக இருக்கலாம். எட்டு என்று எழுதிக்கொள்.

மிச்சமான சொதியை வெளியில் வைத்துவிடாதே, தேங்காய்ப்பால் சீக்கிரம் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் இடியாப்பத்துக்கு ஊற்று. சூடு பண்ணும்போதும் கொதிக்க விடாதே. வர முடியாமல் போன கூட்டாளி இருந்தால், காய்ச்சலில் படுத்திருந்தால், அவனுக்குச் சொதி வேண்டாம். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்து, நுரை கட்டும்போது இறக்கி, குழைந்த சோற்றோடு தூக்கில் கொண்டுபோய்க் கொடு. திரும்பி வந்துவிடாதே, அவன் சாப்பிடும் வரை பக்கத்தில் இரு.

அடுத்த மாதம் மாமா சென்னைக்கு வருகிறார். அவர் கையில் ஆச்சியின் துருவியைக் கொடுத்து விடுகிறேன். பலகையில் உட்கார்ந்து துருவுகிற பழையதுதான். பல் மழுங்கியிருந்தது, தீட்ட வைத்திருக்கிறேன். இரண்டு தேங்காயைக் கால் மணி நேரத்தில் துருவிவிடலாம். முதல் தடவை மெதுவாகத் துருவு, கை பத்திரம்.

அன்புடன்,
அத்தை