பெட்டியைப் பார்க்காதே, சிப்பைப் பார்!
(லினக்ஸில் யு.எஸ்.பி. வயர்லெஸ் அடாப்டர்)



தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் அதில் சேர்த்துத் தரப்பட்டது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸின் முதல் பதிப்பு 2007-இல் வந்தது. அண்ணன், அக்கா பயன்படுத்திய பழைய லேப்டாப்தான் நம்மில் பலருக்கு முதல் கணிப்பொறி. விண்டோஸ் திணறும் மெஷினிலும் லினக்ஸ் ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் வைஃபை செத்துவிட்டால், வெளியே ஒரு யு.எஸ்.பி. அடாப்டர் செருக வேண்டும். செருகியும் நெட் வராவிட்டால், "லினக்ஸே வேஸ்ட்டுடா" என்று பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். அது லினக்ஸின் குற்றமல்ல.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வலங்கைமானில் ராத்திரி பத்து மணிக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? ஆகவே, கேட்க ஆளில்லாதவருக்கும் உதவும்படி படிப்படியாக எழுதுகிறேன்.

1. அடையாள எண்

பெட்டி மேல் உள்ள பெயரை நம்பாதீர்கள். டிபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யுஎன்722என் மாடலில், முதல் வெர்ஷனுக்குள் இருப்பது ஏதெரோஸ் ஏஆர்9271 சிப். இரண்டாம் வெர்ஷனுக்குள் இருப்பது ரியல்டெக் சிப். பெயர் ஒன்று, ஆள் வேறு! டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று (ஆங்கிலச் சின்ன எழுத்தில்) அடித்தால் அடையாள எண் வரும். முதல் வெர்ஷனுக்கு 0சிஎஃப்3:9271, இரண்டாவதற்கு 2357:010சி. எண்ணே வரவில்லை என்றால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.

2. டிரைவர்

குடமுருட்டியில் தண்ணீர் ஓடினாலும் மதகைத் திறக்காமல் வயலுக்கு வராது. சிப்புக்கும் கெர்னலுக்கும் நடுவே டிரைவர்தான் அந்த மதகு. ஏஆர்9271 சிப்புக்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. சில புதிய சிப்புகளுக்குப் பழைய கெர்னலில் இருக்காது. அப்போது கெர்னலைப் புதுப்பிப்பதே முதல் வழி.

3. ஃபர்ம்வேர்

டிரைவர் இருந்தும் ஓடவில்லையா? சிப்புக்குள் ஏற்ற வேண்டிய சிறு மென்பொருளான ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம். 'சூடோ' சேர்த்து 'டிமெஸ்ஜி' கட்டளை கொடுத்தால், எந்த ஃபைல் கிடைக்கவில்லை என்று கெர்னலே பெயர் சொல்லிவிடும். அந்தப் பெயருக்குரிய பேக்கேஜை நிறுவினால் போதும். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், இவ்வகை ஃபர்ம்வேர் இன்ஸ்டால் செய்யும் வட்டிலேயே வருகிறது.

4. நெட் இல்லாமல் நெட்டா?

"டிரைவர் இறக்கவே நெட் வேணுமே!" என்பீர்கள். கைப்பேசியை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து 'டெதரிங்' போடுங்கள். லினக்ஸ் அதை வயர் நெட்வொர்க் போல எடுத்துக்கொள்ளும்.

5. கடைசிச் சோதனை

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் 'ஆர்எஃப்கில்' கட்டளையால் ரேடியோ பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாமே கம்பைல் செய்த டிரைவர், கெர்னல் மாறினால் வேலை செய்யாமல் போகலாம். டி.கே.எம்.எஸ். வழியாகப் போட்டால் ஒவ்வொரு கெர்னலுக்கும் தானே மறுபடி கம்பைல் ஆகும்.

முடிவுரை

வாங்கும் முன் கடைக்காரரிடம், "அண்ணே, உள்ளே என்ன சிப்?" என்று கேளுங்கள். எண், டிரைவர், ஃபர்ம்வேர், பூட்டு: இந்த வரிசையில் தேடினால் கோளாறு எங்கே என்று தெரியும். லேபில் நாம் படிக்கும் பழுது பார்க்கும் முறையும் இதுதானே! தெரிந்துகொண்டவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.