ஓரம் தூக்கினால் பசையைத் திட்டாதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் உன் கடைச் சத்தத்தில் பாதி காதில் ஏறாது, அதனால்தான் எழுதுகிறேன்.

கோவளம் ஹோட்டல் போர்டு, டூரிஸ்ட் வேன் ஸ்டிக்கர், கிளினிக் கண்ணாடிக் கதவு, மூன்றிலும் ஓரம் தூக்குகிறது. பசை மட்டம், சப்ளையரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. மூன்றும் ஒரே கோளாறு இல்லை. பசையின் வேலை பிடித்துக்கொள்வது. மேலே இருக்கும் படலம் இழுக்கும்போதோ, கீழே இருக்கும் அழுக்கு விடாதபோதோதான் அது தோற்கிறது. எது இழுத்தது, எங்கே விட்டது என்று ஓரமே சொல்லும், பார்க்கத் தெரிந்தால்.

கோவளம் போர்டை எடுத்துக்கொள். ஸ்டிக்கரைச் சுற்றி நாலு பக்கமும் நூல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதே, கவனித்தாயா? அதுதான் பசை. வினைல் சுருங்கி உள்ளே போய்விட்டது. பசை போட்ட இடத்திலேயே நின்று ரோட்டுப் புழுதியைப் பிடித்துக்கொண்டது. பசை மட்டமாக இருந்தால் அந்தக் கோடே இருக்காது. அங்கே நீ ஒட்டியது மோனோமெரிக் ரகம். விலை குறைவு என்று எல்லோரும் வாங்குவதுதான். கடைக்கு உள்ளே ஒட்ட, ஆஃபர் போஸ்டருக்கு, திருவிழாவுக்கு அது போதும். தெற்கு வெயிலைப் பார்த்து நிற்கும் ஏசிபி (அலுமினியக் கலவைத் தகடு) போர்டில் அது நிற்காது.

காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. மோனோமெரிக், பாலிமெரிக் இரண்டுமே சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்து எடுக்கும் ஷீட். பெரும்பாலும் 70 முதல் 100 மைக்ரான் கனம். காஸ்ட் வினைல் அப்படி இல்லை, கூழாக ஊற்றிக் காயவைப்பது; 50 மைக்ரான் அளவில் இருக்கும். தேய்த்த சப்பாத்தி கட்டையை எடுத்ததும் உள்வாங்கும், ஊற்றிய தோசை உள்வாங்காது. உருளையில் வாங்கிய இழுப்பை வெயில் பட்டதும் அந்த ஷீட் திருப்பிக் கொடுக்கிறது. இதோடு இன்னொன்று: வினைலின் மூலப்பொருளான பிவிசி இயல்பில் விறைப்பானது, அதை வளைய வைப்பது உள்ளே கலக்கும் இளக்கிதான். மோனோமெரிக்கில் அந்த இளக்கியின் மூலக்கூறுகள் சிறியவை, நாளடைவில் வெளியேறிவிடும். போகிற வழியில் பசையையும் கொழகொழப்பாக்கும். பாலிமெரிக்கில் மூலக்கூறு பெரியது, இருந்த இடத்தில் இருக்கும். ஒரு வேடிக்கை கேள். 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடப்போய்த்தான் பிவிசியை இளக்கும் வழியைக் கண்டார். அவருக்குப் பசை கிடைக்கவில்லை, நமக்கு வினைல் கிடைத்தது.

கோவளத்தில் இரண்டாவது எதிரி உப்பு. ஒட்டுவதற்கு முன் போர்டை எதால் துடைத்தாய்? தின்னர் என்றுதான் சொல்வாய். தின்னரிலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ உப்பு கரையாது. இடம் மாறும், அவ்வளவுதான். உப்பைத் தண்ணீர்தான் எடுக்கும். ஓரத்தின் அடியில் தங்கிய உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் விடியற்காலை என்றாலே அந்த அளவு சாதாரணம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் கல்லுக்குள் ஏறிய உப்பைத் தொல்லியல் துறை எப்படி எடுக்கிறது தெரியுமா? ஈரக் காகிதக் கூழைக் கல்மேல் அப்பி, காயவிட்டு, உப்பு அதற்குள் ஊறி வந்ததும் உரித்துப் போடுகிறார்கள். பல்லவர் கல்லுக்கே தண்ணீர்தான் மருந்து. உன் ஏசிபி ஷீட்டுக்குத் தின்னர் ஏன்? கடலோரத்தில் போர்வெல் தண்ணீரும் பல இடங்களில் உப்பு என்பதால் கேன் தண்ணீர் எடுத்துப் போ. துளி சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்து. பிறகுதான் ஆல்கஹால், அது மீன் வறுக்கும் புகையின் எண்ணெய்ப் பிசுக்குக்கு. அது தானாகக் காயும்வரை விடாமல் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடு.

வேன் ஸ்டிக்கர் கதை வேறு. வெட்டிய அன்றே, வண்டியில் ஏறும் முன்பே சுருண்டது என்கிறாய். அதில் வெயிலுக்கும் உப்புக்கும் வேலையே இல்லை. நீ ஓட்டுவது ஈக்கோ சால்வென்ட் பிரிண்டிங் மெஷின். தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டாது, அதனால் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறாய். மையில் உள்ள சால்வென்ட் மேலிருந்து காய்வதோடு வினைலுக்குள் இறங்கிப் பசைவரை போகும். அந்த நேரத்தில் வடிவம் வெட்டினால், இளகிய படலமும் வலுவிழந்த பசையும் சேர்ந்து, விடுதலையான ஓரம் சுருளும். அதுவும் நீ அடித்தது கருநீலப் பின்னணி, வெட்டுக்கோடு வரை மை. நாலு கலரும் சேர்ந்து கொட்டிய இடம் அது.

பிரிண்ட் எடுத்த ரோலை இறுக்கிச் சுற்றி மூலையில் சாத்தாதே. தளர்வாகச் சுற்றி, நிற்க வைத்து, அடுக்குக்கு நடுவே காற்று போக விடு. ஒரு நாள் கட்டாயம். அடர் நிறம் என்றால் இரண்டு நாள். முகர்ந்து பார், மருந்து வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. கஸ்டமர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். டிசைனில் வெட்டுக்கோட்டுக்கு உள்ளே இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பிளேடையும் பார்; மழுங்கிய பிளேடு வெட்டாது, இழுத்துத் தூக்கிக்கொண்டு போகும்.

லேமினேஷனிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஃபிலிம் ரோலின் பிரேக்கை அதிகம் இறுக்கினால் ஃபிலிம் நீண்டு ஒட்டும், பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், வினைலையும் கூடவே மேலே சுருட்டும். லேமினேட் ஆன ஷீட்டில் கையகலம் வெட்டி, பின்காகிதத்தை உரித்து மேஜைமேல் வை. ஃபிலிம் பக்கமாக உடனே சுருண்டால் இறுக்கம் அதிகம். உரித்ததும் தட்டையாகப் படுத்தால் வினைல் நல்ல பிள்ளை. அப்படியானால் ஈரம் குடித்து வளைந்தது பின்காகிதம்தான். மழைக்காலத்தில் உன் கடையில் ரோல்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் வை.

கிளினிக் கதவில் கீழ் ஓரம் மட்டும்தான் தூக்கியிருக்கிறது. தினம் தரை துடைக்கும் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. ஸ்டிக்கரைச் சட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலேயே முடித்துவிடு. வேறு ஒன்றும் இல்லை.

இனி எந்தப் புது இடத்துக்குப் போனாலும் இதைச் செய். ஒட்டப் போகும் பரப்பிலேயே ஓரமாக மூன்று துண்டு ஒட்டிவிட்டு வா: பிரிண்ட் செய்யாத வெறும் வினைல், பிரிண்ட் மட்டும் செய்தது, பிரிண்டும் லேமினேஷனும் செய்தது. வெறும் துண்டே தூக்கினால் பரப்பும் வினைலும் சந்தேகத்தில். அதே வெறும் துண்டு உன் கடைக் கண்ணாடியில் நின்றால் பரப்புதான் குற்றவாளி. பிரிண்ட் துண்டு மட்டும் தூக்கினால் மை, மூன்றாவது மட்டும் என்றால் லேமினேஷன். சப்ளையரிடம் சண்டைக்குப் போவதானாலும் இந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போ.

ஒட்டும்போது மூலைகளை வட்டமாக வெட்டு. கூர்மூலைதான் முதலில் எழும். போர்டின் விளிம்போடு சரியாக முடிக்காதே, மூன்று மில்லிமீட்டர் உள்ளே நிறுத்து, இல்லையென்றால் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் மடித்துவிடு. உச்சி வெயிலில் கொதிக்கும் ஷீட்டில் ஒட்டாதே. பனி காய்ந்து, வெயில் ஏறும் முன் ஒட்டு. பசை முழுப் பிடிப்புக்கு வர குறைந்தது ஒரு நாள் ஆகும், அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம் என்று சொல்லி அனுப்பு. கட்டிங் எழுத்தில் தமிழ் இருந்தால் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வை. நகத்தளவுப் பசையில் நிற்கும் அதுதான் முதலில் உதிரும். ‘கடல்’ என்பது ‘கடல’ ஆன போர்டுகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீயே பார்த்திருப்பாய்.

தூக்கிய ஓரத்தை ஹீட் கன்னால் அமுக்கி ஃபெவி குவிக் வைக்கும் வேலை வேண்டாம். புழுதி ஏறிய பசை மறுபடி பிடிக்காது, கறைதான் மிஞ்சும். கொஞ்சமாகத் தூக்கியிருந்தால் தூக்கிய பகுதியை வளைவாக வெட்டி எடுத்துவிடு. கோவளம் போர்டு அந்த நிலையைத் தாண்டிவிட்டது, மொத்தமாக உரித்துப் பாலிமெரிக் போடு. ஹோட்டல்காரரிடம் மெட்டீரியல் வித்தியாசத்தை மட்டும் கேள், கூலி கேட்காதே. பில்லில் வினைல் ரகத்தையும் லேமினேஷனையும் எழுதிக் கொடு. அடுத்த தடவை மலிவு ரகம்தான் வேண்டும் என்றால் அதையும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நம்பரை எனக்கு அனுப்பு, நான் பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா