செவிகொடுக்கப் பழகுவோம்

ஓர் ஆயரின் பொறுப்பில் பல தோட்டங்கள் இருக்கின்றன. அவர் வரும் நாளாகப் பார்த்து ஒருவருடைய மனம் உடைவதில்லை. சம்பள நாள் இரவில் சண்டை மூண்டால் அருகிலிருப்பவர் அடுத்த காம்பராக்காரர்தான். 1850களில் தமிழ்க் கூலி மிஷன் மலைநாட்டில் தொடங்கியபோதும் தோட்டம் தோட்டமாக நடந்தவர்கள் உபதேசியார்களே. ஆகவே ஒருவரையொருவர் தாங்கும் ஊழியத்திற்குச் சபையாரே பயிற்சி பெறவேண்டும்.

யோபின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை நல்ல ஆலோசகர்கள்! வாய் திறந்து, "நீ பாவம் செய்திருப்பாய்" என்ற போக்கில் பேசத் தொடங்கியபின்தான் கெடுத்தார்கள். முடிவில் தேவனும் அவர்களைக் கடிந்துகொண்டார் (42:7). நமக்கோ இரண்டு நிமிடம் கேட்பதற்குள், "ஜெபம் பண்ணுங்க அக்கா, எல்லாம் சரியாகும்" என்று வந்துவிடும். வசனமும் ஜெபமும் வேண்டியவைதான். அவர் பேசி முடித்தபின், அவருடைய சம்மதத்தோடு.

இரகசியம் காப்பதே லயத்தில் மிகக் கடினம். காம்பராவில் பேசினால் சுவருக்கு அப்பால் கேட்கும். பீலிக்கரையிலோ எப்போதும் கூட்டம். கொழுந்து நிறுத்துத் திரும்பும் பாதையில் இருவராக நடந்து பேசலாம். பெண்களுக்குப் பெண்களே துணையிருப்பது நல்லது. ஜெபக்கூட்டத்தில், "இந்தச் சகோதரியின் வீட்டுக்காரர் குடிக்கிறார், ஜெபிப்போம்" என்று அவரைக் கேளாமல் அறிவிப்பதும் கோள் சொல்லுதலே.

உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் இரகசியம் பார்க்கக்கூடாது. "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை, களைகொல்லியை அப்புறப்படுத்துங்கள். 1995-ல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கொடிய நஞ்சு மருந்துகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டாத நஞ்சு உயிரைக் காக்கிறது. உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

அடிபட்டு வரும் பெண்ணிடம், "பொறுத்துப் போ" என்று சொல்லித் திருப்பியனுப்புவது வேத ஆலோசனை ஆகாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அங்கே அவரோடு கூடப் போவதும் ஊழியந்தான்.

பயிற்சி: யோபு 2, 4 அதிகாரங்களை வாசித்தபின் இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் தம் சிறு கவலையொன்றை ஐந்து நிமிடம் சொல்லட்டும். மற்றவர் புத்தி சொல்லாமல், கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்லட்டும். "நான் சொன்னது இதுதானா?" என்று பேசியவரே தீர்ப்புக் கூறட்டும். பின்பு இடம் மாறுங்கள்.