இரத்தத்தில் உள்ள உப்பு

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் மொழி. பண்டத்திற்கு மட்டுமா உப்பு வேண்டும்? நம் உடம்பிற்கும் வேண்டும் என்பதைப் புளியஞ்சோலைக்குச் சென்று வந்த நாளில்தான் நாங்கள் உணர்ந்தோம்.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையின் அடிவாரத்தில், திருச்சி மாவட்டத்தில் அமைந்துள்ளது புளியஞ்சோலை. மலைமேல் ஆகாயகங்கை அருவியாக விழும் ஐயாறு, அங்கே பாறைகளினூடே சலசலத்து ஓடுகிறது. எங்கள் வகுப்பு இன்பச் சுற்றுலாவாக அங்கே சென்றது. ஆற்றில் ஆடிக் களித்தோம், கட்டுச்சோறு உண்டோம். திரும்பும் வழியில் எங்கள் தோழி ஒருத்திக்கு வாந்தியும் பேதியும் கண்டன. "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்று மாறி மாறி வெறும் தண்ணீரையே கொடுத்தோம். இரவில் அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அழைத்தால் சரியாகப் பதில் சொல்லவில்லை. உடனே மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மறுநாள் அவளைக் காணச் சென்றபோது, டாக்டர் அம்மா இரத்தச் சோதனை ரிப்போர்ட்டைக் காட்டி எங்களுக்கு விளக்கினார். உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிகிறது என்று நாம் வேதியியலில் படித்திருக்கிறோம் அல்லவா? அவ்வாறு பிரியும் பொருள்களே மின்பகுளிகள். நம் இரத்தத்திலும் அவை உள்ளன. இச்சோதனையில் முக்கியமாக நான்கினை அளக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு மில்லி மோல் கணக்கில், பெரியவர்களுக்கு ஏறக்குறைய இருக்க வேண்டிய அளவுகள் இவை:

சோடியம் 135 முதல் 145 வரை. இது உடலில் நீர் எங்கே தங்கவேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது.
பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. இதயத் துடிப்பும் தசைகளின் இயக்கமும் இதைச் சார்ந்தவை.
குளோரைடு 98 முதல் 106 வரை. இது சோடியத்தின் துணை.
பைகார்பனேட் 22 முதல் 28 வரை. இது இரத்தத்தில் அமிலம் மிகாமல் காக்கிறது.

முற்காலத்தில் இவற்றுள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சுடரின் நிறத்தைக் கொண்டு அளந்தார்கள். சோடியம் மஞ்சளாகவும், பொட்டாசியம் இள ஊதாவாகவும் எரியும். இன்று ஒவ்வொரு அயனியையும் தனித்தனியே உணரும் மின்முனைகள் சில நிமிடங்களில் அளந்து விடுகின்றன.

எங்கள் தோழிக்குச் சோடியம் 124 தான் இருந்தது. பேதியில் உப்பும் நீரும் சேர்ந்தே வெளியேறின; நாங்களோ நீரை மட்டும் திருப்பிக் கொடுத்தோம். உப்புக் குறைந்த இரத்தத்திலிருந்து நீர் செல்களுக்குள் புகுந்துவிடும். மூளைச் செல்கள் வீங்கினால் மயக்கம் வரும், வலிப்பும் வரலாம். அவசரப்பட்டுச் சோடியத்தை ஏற்றுவதும் மூளைக்குத் தீங்காகலாம் என்பதால், மருத்துவர்கள் அளந்து அளந்து ஏற்றுகிறார்கள்.

ஆனால் பொட்டாசியம் 6.2 என்று இருந்தது! பேதியில் குறைய வேண்டியது கூடியது எப்படி? டாக்டர் அம்மா இரத்தக் குழாயை வரவழைத்துப் பார்த்தாராம். மேலே தெளிந்து மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் சிவந்திருந்தது. இரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. வெளியே இருப்பதைவிட அணுக்களுக்குள் பொட்டாசியம் இருபது மடங்குக்கும் மேல் அதிகம். அது கசிந்து பொய்க் கணக்குக் காட்டியது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்தபோது 3.1 என்று வந்தது. முதல் எண்ணை அப்படியே நம்பியிருந்தால், அவளுக்கு வேண்டிய பொட்டாசியத்தையே கொடுக்காமல் விட்டிருப்பார்கள்! "ரிப்போர்ட்டைப் பார், கூடவே நோயாளியையும் பார்" என்றார் அவர்.

"நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும், டாக்டர்?" என்று தயங்கிக் கேட்டோம். "தண்ணீர் கொடுத்தது தவறில்லை அம்மா. அதில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்திருக்க வேண்டும்" என்றார். 1971இல் வங்காளதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, பன்காவுன் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் உடன் சென்றால் குடல் சோடியத்தை எளிதில் உறிஞ்சும் என்பதே அதன் இரகசியம். பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம். உப்பைக் கூட்டிவிடக் கூடாது. நோயாளி மயங்கினாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்காம் நாள் எங்கள் தோழி புன்னகையுடன் வீடு திரும்பினாள். அடுத்த சுற்றுலாவிற்குக் கட்டுச்சோற்றுடன் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் எடுத்துச் செல்வதென முடிவு செய்துள்ளோம். தோழியரே, நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்! குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. அளவோடு இருப்பதே உடலுக்கு நலம்.

— பத்தாம் வகுப்பு மாணவி