டிஜிட்டல் ஃபோட்டோ ஃபிரேம்: ஏழு நாள் கெடுவும் இரண்டு ஆண்டு உரிமையும்

கேள்வி: பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக இணையத்தில் வாங்கிய 10 அங்குல டிஜிட்டல் ஃபோட்டோ ஃபிரேமில் படங்கள் மங்கலாகத் தெரிகின்றன. விளம்பரத்தில் ‘ஃபுல் ஹெச்டி’ என்று போட்டிருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து, புதிய படம் அனுப்பச் செயலி மாதச் சந்தா கேட்கிறது. திருப்பித் தர 7 நாள்தான் கெடு, அது முடிந்துவிட்டது என்கிறார் விற்பனையாளர். சட்டப்படி என்ன செய்யலாம்? இப்படியொரு பொருளை வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?
வாசகர், மதுரை

பதில்: டிஜிட்டல் ஃபோட்டோ ஃபிரேம் பார்வைக்கு ஒரு பொருள்தான். ஆனால் இன்று விற்கப்படும் பல ஃபிரேம்களில் பொருளும் சேவையும் கலந்தே வருகின்றன. மெமரி கார்டையோ பென் டிரைவையோ செருகினால் அதிலுள்ள படங்களை வரிசையாகக் காட்டும் ஃபிரேம் முழுக்கப் பொருள். வைஃபையில் இணைந்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் கைப்பேசிச் செயலி வழியே படம் அனுப்பக்கூடிய ஃபிரேமோ, விற்று முடிந்த பிறகும் ஒரு நிறுவனம் எங்கோ நடத்தும் சர்வரை நம்பி இயங்குகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் குறையைப் பிரிவு 2(10)-இலும் சேவையின் குறைபாட்டைப் பிரிவு 2(11)-இலும் தனித்தனியே வரையறுக்கிறது. மங்கலான திரை முதல் வகையில் சேரும், இடையில் முளைத்த சந்தா இரண்டாம் வகையில். புகாரிலும் இவற்றைத் தனித்தனிக் குறைகளாகவே எழுத வேண்டும். ஒன்று நிரூபணமாகாமல் போனாலும் மற்றது நிற்கும்.

திரையை முதலில் பார்க்கலாம். ஃபுல் ஹெச்டி என்றால் திரையின் அகலத்தில் 1920 புள்ளிகள், உயரத்தில் 1080 புள்ளிகள். சந்தையிலுள்ள 10 அங்குல ஃபிரேம்கள் பலவற்றில் 1280-க்கு 800 புள்ளித் திரைதான் இருக்கிறது. விலை குறைந்தவற்றில் அது 1024-க்கு 600 ஆகிவிடும், அதாவது ஃபுல் ஹெச்டி திரையின் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விளம்பரங்களில் ‘1080பி ஆதரவு’ என்றொரு சொல்லும் அடிக்கடி வரும். அந்தத் தரத்திலுள்ள கோப்பை ஃபிரேமால் திறக்க முடியும் என்பதுதான் அதன் பொருள். திரை அந்தத் தரத்தில் காட்டும் என்று அது உறுதி கூறவில்லை. ஆகவே விளம்பரத்தில் இருந்த சொற்கள் துல்லியமாக எவை என்பதே வழக்கின் அடித்தளம். ‘ஃபுல் ஹெச்டி திரை’ என்று எழுதிவிட்டுக் குறைந்த திரையைக் கொடுத்திருந்தால், பொருளின் தரத்தைப் பொய்யாகக் காட்டியதாகும். அது பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வர்த்தக நடைமுறை. ‘ஆதரவு’ என்று மட்டும் இருந்திருந்தால் வழக்கு சற்று வலுவிழக்கும். ஆனாலும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரமும் தவறாக வழிநடத்தும் விளம்பரமே என்கிறது பிரிவு 2(28).

புகார் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்டவை. அவற்றை நல்ல திரையில் போட்டாலும் மங்கலாகத்தான் தெரியும். கேமராவில் எடுத்த மூலப்படத்தைக் கார்டு மூலம் போட்டுப் பார்த்த பிறகும் மங்கல் இருந்தால்தான் குறை திரையில் இருக்கிறது என்று சொல்ல முடியும். படத்தின் இரு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை தெரிவது பழுதன்று. கைப்பேசிப் படம் பொதுவாக 4-க்கு 3 என்ற வடிவில் இருக்கும், ஃபிரேமின் திரை 16-க்கு 10 அல்லது 16-க்கு 9 என்று நீண்டிருக்கும். இந்த வேறுபாட்டைப் பழுதாக எழுதிவிட்டால், உண்மையான குறையையும் எதிர்த்தரப்பு அதோடு சேர்த்துக் கேள்விக்குள்ளாக்கும்.

அடுத்தது 7 நாள் கெடு. விற்பனையாளர்கள் இதைச் சட்டமே விதித்த எல்லை போலச் சொல்கிறார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை நம்பி அங்கேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை. அந்தக் கெடு, வாங்கியவர் பொருளை எளிதில் திருப்பி அனுப்ப நிறுவனம் வைத்துக்கொண்ட ஏற்பாடு. பொருள் பழுதானது என்றும் விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றும் முறையிடும் உரிமை அதிலிருந்து பிறந்ததல்ல, ஆகவே அதோடு அழிவதுமில்லை. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன் 6-ஆம் விதி, பொருள் பழுதாகவோ விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாமலோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்கிறது. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதைப் பிரிவு 2(47) தனியே ஒரு நியாயமற்ற நடைமுறையாகச் சேர்த்திருக்கிறது. இந்த உட்பிரிவைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வாதிடும். அந்தக் காலம் கடந்தால் இந்த ஒரு குற்றச்சாட்டுதான் கையைவிட்டுப் போகும். பழுதுக்கும் தவறான விளம்பரத்துக்கும் நிவாரணம் கேட்க, பிரிவு 69-இன்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் இருக்கின்றன.

சந்தா விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வாங்கும் நேரத்தில் அது சொல்லப்பட்டதா? விற்பனைப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதி. எதுவும் சொல்லாமல், குடும்பத்தார் எல்லாரும் செயலியை நிறுவி, நூற்றுக்கணக்கில் படங்களை ஏற்றிய பிறகு கட்டணம் கேட்பது வேறு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தில் நுகர்வோரை மயக்கிச் சிக்கவைக்கும் 13 உத்திகளைத் தடை செய்கின்றன. கட்டணத்தின் ஒரு பகுதியை முதலில் காட்டாமல் பிறகு வெளிப்படுத்துவதும், சந்தாவில் மாட்டிவிட்டு வெளியேறும் வழியைக் கடினமாக்குவதும் அவற்றில் உள்ளவை. ‘செயலி இலவசம்தானே, இலவசச் சேவைக்குச் சட்டம் பொருந்தாது’ என்ற பதில் வரக்கூடும். செயலி இல்லாவிட்டால் புதிய படம் அனுப்பவே முடியாது என்னும்போது, ஃபிரேமுக்குக் கொடுத்த விலையிலேயே அந்தச் சேவையின் விலையும் அடங்கியிருக்கிறது என்பதே இதற்குத் தக்க மறுப்பு. நிறுவனம் ஒருதலையாக விதியை மாற்றியதை நியாயமற்ற ஒப்பந்தம் என்றும் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை மாநில ஆணையத்தில்தான் எழுப்ப முடியும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக மாநில ஆணையம் வரை அலைவதைவிட, சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்திலேயே முறையிடுவது அறிவுடைமை.

ஃபிரேமைப் பரிசாகக் கொடுத்துவிட்டதால் உரிமை போய்விடுமோ என்ற ஐயம் வேண்டாம். பணம் கொடுத்தவரின் சம்மதத்துடன் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று பிரிவு 2(7) சொல்கிறது. மகனோ மகளோ புகார் கொடுக்கலாம், பெற்றோரும் கொடுக்கலாம்.

யார்மேல் புகார் என்பதில் கவனம் தேவை. விற்பனையாளர், விற்பனைத் தளம், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் ஆகிய எல்லாரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. விளம்பர விவரங்கள் பொருளோடு ஒத்துப்போகும் என்று விற்பனையாளரிடம் உறுதிமொழி வாங்குவதும், விற்பனையாளரின் முகவரியைக் காட்டுவதும் தளத்தின் கடமை. ஃபிரேமின் அடாப்டர் வெடித்துச் சுவரோ மேசையோ எரிந்தால், அது பொருள் சார்ந்த பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தின்கீழ் வரும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத, அல்லது இந்தியச் சட்டத்துக்கு எட்டாத இடத்திலிருக்கும் பொருளாக இருந்தால், பிரிவு 86-இன்படி விற்றவரே பொறுப்பேற்க வேண்டும். பெயர் தெரியாத இறக்குமதி ஃபிரேம்கள் மலிந்த சந்தையில் இது மிகவும் பயனுள்ள பிரிவு.

நடைமுறைக்கு வந்தால், முதலில் சான்றுகளைச் சேர்க்க வேண்டும். விற்பனைப் பக்கத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), பில், பெட்டியின் மேலுள்ள விவரங்கள், சந்தா கேட்கும் திரை, விற்பனையாளருடன் நடந்த உரையாடல் ஆகியவை வேண்டும். விற்பனைப் பக்கங்கள் ஓசையின்றி மாற்றப்படுவதுண்டு, அதனால் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் பிரிவு 63-இல் சொல்லப்பட்ட சான்றிதழையும் இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபணை எழாது. அடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம். சிறிய தொகை விவகாரங்கள் பல அந்த அளவிலேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே வழக்கிடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ‘பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம்’ என்று தளத்தின் நிபந்தனைகளில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்கிடப் பிரிவு 34 வழிசெய்திருக்கிறது. ஆகவே மதுரை ஆணையமே போதும். நடுவர் தீர்ப்பு நிபந்தனையும் தடையாகாது என்று எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியது. 2025 தொடக்கத்தில் வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே புகாரைத் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பு பதிலளிக்க 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், அனுப்ப வேண்டிய வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இதைவிடக் கூடுதல் காலம் பிடிப்பதும் உண்டு. மாற்றுப் பொருள், வட்டியுடன் பணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். பொருளின் விலைக்குச் சற்றும் பொருந்தாத பெருந்தொகையைக் கேட்டால் புகாரின் நம்பகத்தன்மைதான் குறையும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் மேலே சொன்னவற்றின் மறுபக்கமே. திரையின் புள்ளிக் கணக்கை எண்ணில் எழுதியிருக்கும் ஃபிரேமைத்தான் வாங்க வேண்டும். ‘ஹெச்டி தெளிவு’ போன்ற வெறும் சொற்களை நம்பக் கூடாது. இணையம் இல்லாமலும் கார்டிலிருந்தோ உள்நினைவகத்திலிருந்தோ படம் காட்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 மார்ச் இறுதியில் கூகுள் ஃபோட்டோஸ் தன் படத்தொகுப்பை வெளிச் செயலிகள் படிக்கும் வசதியைக் குறுக்கியபோது, அதை நம்பியிருந்த ஃபிரேம் நிறுவனங்கள் தங்கள் முறையை மாற்ற நேர்ந்தது. வேறொருவர் கையிலிருக்கும் சேவையை நம்பிய பொருளுக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. வீட்டு வைஃபை எந்த அலைவரிசையில் இயங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே ஏற்கும் ஃபிரேம்கள் பல உள்ளன. அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவுக் குறியும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான நாடும், அதிகபட்ச சில்லறை விலையும் இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். வழக்கு என்று வரும்போது அறிவிப்பு அனுப்ப முகவரியே இருக்காது.

குடும்பப் படங்களின் அந்தரங்கம் இவையெல்லாவற்றையும்விடப் பெரிது. வீட்டுக்குள் படம் காட்டுவதும் உறவினருக்குள் பகிர்வதும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் வரம்புக்குள் வராது. அந்தப் படங்களைத் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரையிலும் கைகொடுக்கும் ஒரு வழி நுகர்வோர் சட்டத்திலேயே உண்டு: நுகர்வோர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதும் நியாயமற்ற வர்த்தக நடைமுறையே. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, தீங்கு நிரல் புகுத்தப்பட்டு விற்கப்படும் வீட்டு உபயோகக் கருவிகளைப் பற்றிய எச்சரிக்கையில் டிஜிட்டல் ஃபோட்டோ ஃபிரேம்களையும் குறிப்பிட்டது. வங்கிக் கணக்கைக் கையாளும் கணினி இருக்கும் அதே வைஃபையில் இணைக்காமல், விருந்தினருக்கான தனி இணைப்பில் ஃபிரேமை வைப்பது நல்லது.

கல்யாண ஃபோட்டோகிராஃபர் எடுத்த படங்களை ஃபிரேமில் போடலாமா என்பதும் பலருக்கு எழும் கேள்வி. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் பதிப்புரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 17. தடையேதும் இல்லை.

விற்பனையாளர் இறங்கிவந்து ஃபிரேமைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், கொடுப்பதற்கு முன் உள்நினைவகத்தை அழித்து, கார்டை எடுத்துவிட்டு, செயலியில் இணைந்துள்ள குடும்பத்தார் கணக்குகளையும் நீக்க வேண்டும். பழுதைக் காட்டும் நிழற்படங்களையும் வீடியோவையும் அதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பொருளை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்க வேண்டும், பணம் கணக்கில் வந்து சேரும் வரை அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.